ரயில் எஞ்சினுக்கு உயிர் உண்டா?
(உயிரியலில் ஒரு முதல் பாடம் – பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்)

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "தாத்தா, ரயில் எஞ்சினுக்கு உயிர் உண்டா?" என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "உயிருள்ளது சாப்பிடும், மூச்சு விடும், நகரும், கழிவை வெளியேத்தும்னு டீச்சர் சொன்னாங்க. எஞ்சினும் டீசல் குடிக்குது, காத்தை இழுக்குது, ஓடுது, புகை விடுது. அப்போ ஏன் அதுக்கு உயிர் இல்லை?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது இயந்திரவியல் டிப்ளமா. அதில் உயிரியல் என்ற பேச்சே கிடையாது. "அடுத்த வாரம் சொல்கிறேன் கண்ணு" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு பள்ளிப் பாடப் புத்தகங்களை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மாணவனாக உட்கார்ந்தேன். அப்படிப் படித்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உயிர்களை வகைப்படுத்தும் எண்ணம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியலில் ஓரறிவு உயிர் முதல் ஆறறிவு உயிர் வரை வரிசைப்படுத்தியிருப்பதைத் தமிழாசிரியர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். புல்லையும் மரத்தையும் உயிர் என்றே அந்த நூல் கணக்கில் சேர்க்கிறது. அதை இன்றைய விஞ்ஞானத்தோடு ஒன்றாக்கிப் பெருமை பேசுவது சரியல்ல. கண்ணால் பார்த்து அந்தக் காலத்தில் செய்த வகைப்பாடு அது. இன்றைய உயிரியல், வேற்றுமைகளை வரிசைப்படுத்துவதோடு நில்லாமல், புல்லிலிருந்து மனிதன் வரை எல்லா உயிருக்கும் பொதுவானது எது என்று தேடுகிறது. அப்படிக் கிடைத்த பொது இழைகளில் ஏழை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நம் எஞ்சினுக்கு மதிப்பெண் போடுவோம்.

1. உயிரணு

1665-ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்தது. அதற்கு 'செல்' என்று பெயரிட்டார். நாம் உயிரணு என்கிறோம். இங்கே மலையாளப் பாடப் புத்தகத்தில் கோசம் என்று இருக்கும். 1838, 1839-ஆம் ஆண்டுகளில் ஷ்லெய்டன், ஷ்வான் என்ற இரு ஜெர்மானியர்கள், செடியானாலும் விலங்கானாலும் உயிரணுக்களால் கட்டப்பட்டதே என்று சொன்னார்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக இன்றைய கணக்கு.

உயிரணு வெறும் செங்கல் அல்ல. உள்ளே தடுப்புகளும் கிடங்குகளும் உள்ள ஒரு சின்னத் தொழிற்சாலை. இதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி உண்டு. மரச்சீனிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிரணுவில் சயனைடு விஷத்தைத் தரக்கூடிய ஒரு பொருள் உள்ளே ஒரு பையில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து விஷமாக்கும் நொதி, உயிரணுவின் வெளிச் சுவரில் தனியாக இருக்கிறது. இரண்டும் சேராதவரை வம்பில்லை. எலியோ பூச்சியோ கடித்துச் சுவர் உடைந்தால் இரண்டும் கலந்து விஷம் வெளிப்படும். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இது. பெட்ரோல் டாங்கரையும் தீப்பொறியையும் ஒரே லைனில் விடாமல் யார்டில் தள்ளி நிறுத்துகிறோமே, அதே ஏற்பாடு.

கிழங்கைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதன் பொருள் இதுதான். நறுக்கும்போது விஷம் வெளிப்படுகிறது, கொதிக்கும்போது ஆவியாகவும் தண்ணீரோடும் போய்விடுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது இந்த ஊரைப் பசியிலிருந்து காத்ததில் மரச்சீனிக்குப் பெரும் பங்குண்டு. நம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இதை ஆராய்கிறது.

எஞ்சினில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு. ஆனால் எந்தப் பாகமும் தானே உணவெடுத்து, தானே இரண்டாகப் பிரிந்து, இன்னொரு பாகத்தை உண்டாக்குவதில்லை. முதல் இழையில் எஞ்சினுக்குப் பூஜ்யம்.

2. ஆற்றல்

இங்கே எஞ்சின் கொஞ்சம் மதிப்பெண் வாங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் நீராவி எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். நிலக்கரி எரியும், தண்ணீர் ஆவியாகும், பிஸ்டன் நகரும். கொடுத்த நிலக்கரியின் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிச்சமெல்லாம் வெப்பமாகவும் புகையாகவும் வீண். நம் தசை இருபது, இருபத்தைந்து பங்கு வரை வேலையாக மாற்றிவிடும். நாள் முழுவதும் நாம் செலவழிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், விடாமல் எரியும் ஒரு நூறு வாட் பல்புக்குச் சமம். இரண்டு வேளைச் சோறும் ஒரு வேளை இட்லியும் கொடுத்து நூறு வாட் பல்பைத் தூக்கத்திலும் எரிய வைத்திருக்கிறார் இறைவன் என்று என் மனைவி சொல்வாள்.

உணவை நாம் தீ வைத்து எரிப்பதில்லை. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் படிப்படியாக உடைத்து, ஏ.டி.பி. என்ற சில்லறைக் காசாக மாற்றிக்கொள்கிறோம். உயிரணு தன் வேலைக்கெல்லாம் இந்தச் சில்லறையைத்தான் கொடுக்கிறது. அந்தச் சில்லறையை அச்சடிக்கும் கருவி எப்படி இருக்கும் என்று படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது ஒரு சுழலும் மோட்டார்! சுழலும் தண்டு, அசையாத கூடு, எல்லாம் உண்டு. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். இதை விளக்கியதற்காகப் பால் போயர், ஜான் வாக்கர் இருவரும் 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். நாற்பது வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டிய எனக்கு, என் உடம்பிலேயே கோடானுகோடி மோட்டார் ஓடுவது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆற்றலுக்கெல்லாம் மூலம் சூரியன். பச்சை இலை வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. நெல்லை நாம் சாப்பிடுகிறோம். நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகளே. ஆகவே எஞ்சின் குடிப்பதும் பழைய வெயில்தான். இந்த இழையில் அதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

3. நிலைகாத்தல்

வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரி ஆனாலும், மூணாறில் குளிர் நான்கு டிகிரி ஆனாலும், உடம்பின் உள்ளே முப்பத்தேழு டிகிரிதான். இரத்தத்தில் சர்க்கரையும் அப்படியே. நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம். வெறும் வயிற்றில் அதில் ஓடும் சர்க்கரை மொத்தம் ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்கு மிகாமலும் குறையாமலும் உடம்பு கணக்காக வைத்துக்கொள்கிறது. கூடினால் கணையம் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்பும். குறைந்தால் வேறொரு சுரப்பு, ஈரலில் சேமித்ததை வெளியே எடுக்கும். எஞ்சினில் கவர்னர் என்று ஒன்று உண்டு. வேகம் கூடினால் எரிபொருளைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். அதே தத்துவம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஐம்பத்துநான்காம் வயதில் வழக்கமான பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று நானாகவே நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் போயிற்று. வலியே இல்லாததால் அதையும் அலட்சியம் செய்தேன். நரம்பு கெட்டுப்போனதால்தான் வலிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று என் வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

பிரஷர் கேஜைப் பார்க்காமல் எஞ்சின் ஓட்டுகிற டிரைவரை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை. என் எஞ்சினை நானே அப்படி ஓட்டியிருக்கிறேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை செய்கிறேன். அது ஏன் மூன்று மாதம்? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரத்தத்தில் சர்க்கரை கூடும்போதெல்லாம் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் கொஞ்சம் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அது எளிதில் உதிராது. ஆகவே பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து ஏமாற்ற முடியாது. எஞ்சினில் வேகத்தைப் பதிவு செய்யும் ஸ்பீடு ரெக்கார்டர் சார்ட்டைப் போல, மூன்று மாத ஓட்டத்தையும் சிவப்பணு எழுதி வைத்திருக்கிறது.

4. செய்தி

ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிராயிங் உண்டு. அது எஞ்சினுக்குள் இல்லை. அலுவலக அலமாரியில் இருக்கும். உயிரிலோ ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவும் முழு உடம்பின் டிராயிங்கையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. டி.என்.ஏ. என்பது அதுதான். நீட்டிப் பிடித்தால் ஓர் உயிரணுவிலுள்ளது இரண்டு மீட்டர் நீளம் வரும். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. மனிதனின் டிராயிங்கில் சுமார் முந்நூறு கோடி எழுத்துகள். அதன் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டார்கள்.

மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் செய்யும் கருவிக்கு ரைபோசோம் என்று பெயர். அந்தக் கருவியின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவரும் நம்மைப் போல வெளியூர்த் தமிழர் வீட்டுப் பிள்ளை. பரோடாவில் வளர்ந்தவர். கல்லூரியில் படித்தது இயற்பியல். அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவனாகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 'நான் எடுத்த குரூப் வேறே' என்று சொல்லிப் புத்தகத்தை மூடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி வியப்பைக் கேளுங்கள். இந்த எழுத்து முறை ஏறக்குறைய எல்லா உயிருக்கும் ஒன்றே. வாழைக்கும், கொசுவுக்கும், நம் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும், நமக்கும் அகராதி ஒன்றுதான். முன்பு இன்சுலினை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-இல் மனித இன்சுலினுக்கான செய்தியைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். ஒரு கண்ணால் காண முடியாத கிருமி, மனிதனின் டிராயிங்கைப் பிழையின்றிப் படித்து மனித இன்சுலினைச் செய்தது! 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று காலையும் நான் போட்டுக்கொண்ட ஊசி அந்த வழியில் பிறந்ததுதான். எல்லா உயிரும் ஒன்று என்பது எனக்குத் தத்துவப் பேச்சு மட்டும் அல்ல. அது உண்மையாக இல்லாவிட்டால் அந்த மருந்தே இல்லை.

5. அமைப்பும் செயலும்

பாகத்தின் வடிவம் அதன் வேலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பது எஞ்சினியரின் அரிச்சுவடி. உயிரிலும் அப்படியே. இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டாம். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனை நினைத்துக்கொள்வோம். கேரளத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம். தந்தையார் அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ராமச்சந்திரன் சர் சி.வி. ராமனிடம் பயின்று, 1952-இல் முப்பது வயது நிறையும் முன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைப் பிடித்து நிறுத்தும் புரதம் கொலாஜென். அதன் வடிவம் உலகத்துக்கே புதிராக இருந்த காலம். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு அது என்று 1954-இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்த நமக்கு இது உடனே புரியும். ஒரு புரி அறுந்துபோகும், மூன்று புரி முறுக்கினால் தேர் இழுக்கலாம்.

இதில் இன்னொரு நுட்பம். கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருபது அமினோ அமிலங்களில் ஆகச் சின்னதான கிளைசின்தான் வர முடியும். வேறொன்று வந்தால் இடிக்கும். நாங்கள் 'கிளியரன்ஸ்' என்போமே, அதுதான். டிராயிங்கில் ஒரு எழுத்துப் பிழையால் அந்த இடத்தில் பெரியது ஒன்று வந்துவிட்டால், குழந்தை எளிதில் முறியும் எலும்போடு பிறக்க நேரும். அந்தக் கயிற்றின் முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. நெல்லிக்காயை ஊறுகாய் மட்டுமாக நினைக்காதீர்கள்.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டும் 'ராமச்சந்திரன் வரைபடம்' 1963-இல் வந்தது. உலகெங்கும் புரதங்களை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். 2001-இல் சென்னையில் அவர் காலமானார்.

6. பரிணாமம்

நம் மியூசியம் வளாகத்து மிருகக்காட்சிசாலை 1859-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே 1859-இல்தான் லண்டனில் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளியானது. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாக மாறுகின்றன, சூழலுக்கு ஒத்துப்போகும் மாற்றம் தங்குகிறது, ஒத்துவராதது மறைகிறது என்றார் அவர்.

'கண்ணால் பார்க்க முடியாததை எப்படி நம்புவது?' என்று ஒரு நண்பர் கேட்டார். கொரோனாவை மறந்துவிட்டாரா? 2020 ஜனவரி 30-இல் இந்தியாவின் முதல் நோயாளி நம் கேரளத்தில் கண்டறியப்பட்டார். பிறகு டெல்டா வந்தது, 2021 இறுதியில் ஒமிக்ரான் வந்தது. கிருமி பெருகும்போது அதன் எழுத்துகளில் பிழை விழுந்தது. வேகமாகப் பரவ உதவிய பிழை வென்றது. நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த இரண்டு ஆண்டுகளில் பரிணாமம் நம் கண்முன்னே நடந்தது.

நம் மலைகளிலும் அதன் தடம் உண்டு. 2003-இல் எஸ்.டி. பிஜுவும் பொசூய்ட் என்ற பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானியும் இடுக்கியில் கிடைத்த ஊதாநிறத் தவளை ஒன்றை உலகுக்கு அறிவித்தார்கள். மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் மேலே வரும். ஆண்டுக்கொருமுறை வருவதால் மாவேலித் தவளை என்று சொல்வோரும் உண்டு. அதன் நெருங்கிய உறவினர் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே செஷல்ஸ் தீவுகளில்! தவளை கடல் கடக்கவில்லை. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்துப் பழைய குடும்பம் அது. நிலம் பிரிந்தது, குடும்பமும் பிரிந்தது.

எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் செங்கோட்டைக் கணவாய். மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் அந்த இடத்தில்தான் நம் முன்னோர் ரயில் பாதை போட்டார்கள். நமக்கு வழியாக இருக்கும் அந்தப் பள்ளம், உயர்ந்த மலையின் குளிர்ச் சோலையில் மட்டும் வாழும் குருவிக்குத் தடுப்பு. தெற்கே அகத்திய மலைப் பக்கத்திலும் வடக்கேயும் வாழ்ந்த சோலைக்கிளிகள் நெடுங்காலம் கலக்காமல் போயின. தெற்கே உள்ளது தனி இனமே என்று 2017-இல் விஞ்ஞானிகள் 'அஷம்பு சோலைக்கிளி' எனப் பெயரிட்டார்கள். எத்தனையோ முறை அந்தக் கணவாயில் தண்டவாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன். தலையை நிமிர்த்தியதில்லை.

7. சார்ந்து வாழ்தல்

எந்த உயிரும் தனியாக வாழ்வதில்லை. அத்திப் பழத்துக்குள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்க அதற்கென்றே குளவி உண்டு. குளவி இல்லாமல் அத்தி விதை இல்லை, அத்தி இல்லாமல் குளவிக்குப் பிள்ளை இல்லை.

நம் ஊர்க் கிழக்கே தெரியும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். மேற்கே கரமனையாறும் நெய்யாறும், கிழக்கே தாமிரபரணியும் அந்த மலைக்கூட்டத்திலிருந்தே பிறக்கின்றன. 1983 முதல் பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரத்தில் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும், திருநெல்வேலியில் நம் அண்ணன் தம்பிகள் வயலுக்குப் பாயும் தண்ணீரும் ஒரே காடு பிடித்து வைத்த மழை. காடு ஒரு பஞ்சு போல மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல விடுகிறது. இரு மாநிலங்களிலும் பரவிய இந்த மலைப்பகுதி 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தக் காட்டை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் காணி மக்கள். 1987-இல் விஞ்ஞானிகள் சிலர் அவர்களோடு மலையேறினார்கள். விஞ்ஞானிகள் களைத்தபோதும் வழிகாட்டிய காணிகள் களைக்கவில்லை. இடையிடையே ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டது. உரிமத் தொகையிலும் வருமானப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கே கொடுப்பது என்று முடிவு செய்து, 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. அறிவைத் தந்தவர்களுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலக நாடுகள் இதை எடுத்துப் பேசின. செடி, காடு, அதை அறிந்த மக்கள் மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து. ஒன்றை அழித்து மற்றதைக் காப்பாற்ற முடியாது.

கேள்விக்குப் பதில்

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "கண்ணு, எஞ்சின் சாப்பிடுவது உண்மை. கவர்னர் இருப்பதால் கொஞ்சம் தன்னைக் கட்டுப்படுத்தவும் தெரியும். ஆனால் அது தன்னைத் தானே கட்டிக்கொள்ளாது. உடைந்தால் தானே ஆறாது. தன் டிராயிங்கைத் தானே வைத்திருக்காது. குட்டி எஞ்சின் போடாது. அதற்குத் தாத்தா பாட்டி கிடையாது. அதனால் உயிர் இல்லை."

அவள் யோசித்துவிட்டு, "அப்போ கொரோனா கிருமிக்கு?" என்றாள். நல்ல கேள்வி! வைரஸிடம் டிராயிங் உண்டு, பரிணாமமும் உண்டு. ஆனால் உயிரணு இல்லை, சொந்தமாக ஆற்றல் இல்லை. இன்னோர் உயிரணுவின் தொழிற்சாலைக்குள் புகுந்தால்தான் பெருகும். எல்லைக் கோட்டில் நிற்பது அது. அறிஞர்களிடையே இன்றும் இரு கருத்து உண்டு என்று அவளிடம் சொன்னேன். 'தாத்தாவுக்கே தெரியலையா' என்று அவள் ஏமாறவில்லை. மகிழ்ந்துபோனாள்.

மூன்று மொழியில் சில சொற்கள்

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் படிக்கிறார்கள். தமிழ்ச் சொல்லையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். உயிரணு – ஆங்கிலத்தில் செல், மலையாளத்தில் கோசம். புரதம் – புரோட்டீன் – மாம்ஸ்யம். ஒளிச்சேர்க்கை – போட்டோசிந்தசிஸ் – பிரகாச சம்ஸ்லேஷணம். பரிணாமம் – எவல்யூஷன் – பரிணாமம். மரபுவழி – ஹெரிடிட்டி – பாரம்பர்யம். மூன்றும் தெரிந்த பிள்ளைக்கு எந்த மொழியில் கேள்வி வந்தாலும் பயமில்லை.

வீட்டில் செய்து பார்க்க

(1) வெங்காயத்தின் உள்தோலை மெல்ல உரித்துப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஹூக் கண்ட அறைகள் போலவே உங்களுக்கும் தெரியும்.

(2) இரண்டு கிண்ணங்களில் பாசிப்பயறு முளைக்க வையுங்கள். ஒன்று வெயிலில், ஒன்று இருட்டு அலமாரியில். ஒரு வாரம் கழித்து நிறத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

(3) உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணுங்கள். இருபது முறை படி ஏறி இறங்கிய பின் எண்ணுங்கள். பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது? இதுதான் நிலைகாத்தல்.

(4) இது பெரியவர்களுக்கு. முப்பது வயது தாண்டியவர்கள் வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்த்து, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரவு படுக்குமுன் பாதத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.

முதல் மூன்றையும் செய்த பிள்ளைகள் நோட்டோடு அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரட்டும். நான்காவதைப் பெற்றோர் செய்தார்களா என்று பிள்ளைகளே கேட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.